பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா?

மதுரையிலோ திருநெல்வேலியிலோ வேலை பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பெங்களூரிலிருந்து ஆஃபர் வந்துவிட்டால், வீட்டில் முதல் இரண்டு நாள் ஓடுகிற பேச்சு சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்பதுதான். அப்புறம் சித்தப்பா போன் செய்து "வாய்ப்பு வரும்போது விடக் கூடாதுப்பா" என்பார், அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், எச்ஆர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்பார். அந்த அவசரத்தில் தலையாட்டிவிட்டுப் போனவர்களை எனக்கு நிறையத் தெரியும். வேலைக்காக ஊர் மாறுவதைப் பற்றி முதல் தடவை யோசிப்பவர்களுக்காக, எதை எந்த வரிசையில் பார்க்கலாம் என்று எழுதுகிறேன். உதாரணத்துக்கு மதுரை, பெங்களூர் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னையோ ஹைதராபாத்தோ என்றால் எண்கள் மாறும், வரிசை அதேதான். என் கருத்தையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: சம்பளக் கணக்கு ஒரு சாயங்கால வேலை. கிடைக்கிற மிச்ச நாளையெல்லாம், நீங்கள் போனால் ஊரில் யார் தலையில் என்ன விழும் என்று பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடிதம்

போனில் பேசியது எதையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இருக்கிற வேலையில் ராஜினாமா கொடுக்கவே கூடாது. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்ததும் சில வரிகளை விரல் வைத்துப் படிக்க வேண்டும். வேலை செய்யும் இடம் என்ன போட்டிருக்கிறது? "நிறுவனம் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம்" என்ற வரி கிட்டத்தட்ட எல்லாக் கடிதத்திலும் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் முதலில் உட்காரப்போவது எந்த ஏரியா ஆபீஸில் என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் ஆபீஸ் போக வேண்டும் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள். "இப்போதைக்கு இரண்டு நாள்தான்" என்று இன்டர்வியூவில் மேனேஜர் சொன்னது அவர் இருக்கும்வரைக்கும்தான் செல்லும்.

அடுத்தது புரொபேஷன், அதாவது வேலையில் உங்களைச் சோதித்துப் பார்க்கும் காலம். மூன்று மாதம் அல்லது ஆறு மாதம் இருக்கும், அந்தக் காலத்தில் அவர்கள் உங்களை அனுப்ப நினைத்தால் எத்தனை நாள் நோட்டீஸ் என்று பாருங்கள். இந்த எண் வீடு பிடிக்கும்போது மறுபடி தேவைப்படும். ஜாயினிங் போனஸோ, ஊர் மாற உதவித்தொகையோ கொடுத்திருந்தால், ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வரி பக்கத்திலேயே இருக்கும். அந்தப் பணத்தை வருடம் முடியும்வரை உங்கள் பணமாக நினைக்காதீர்கள்.

கைக்கு எவ்வளவு வரும்

10 லட்சம் சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்கு ஒதுக்குகிற மொத்தத் தொகை என்றால் பன்னிரண்டால் வகுத்து மாதம் 83,000 என்று மனசு கணக்குப் போட்டுவிடும். உண்மையில் என்ன ஆகும் பாருங்கள். அதில் ஒரு லட்சம் வேரியபிள், அதாவது வேலைத்திறனைப் பார்த்துத் தருகிற பகுதி என்று வைத்துக்கொள்வோம், அது வருடக் கடைசியில் வந்தால் வரும். மிச்சம் 9 லட்சத்தில் அடிப்படைச் சம்பளம் பாதி, 4.5 லட்சம். கம்பெனி கட்டுகிற பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பங்கு அதில் 12 சதவீதம், 54,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று 4.81 சதவீதம், சுமார் 21,600. நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் அது கைக்கு வரும். இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஒரு 10,000. இதெல்லாம் போக மாதத்துக்கு 67,900 அளவில் நிற்கும். அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 4,500, கர்நாடகத்தின் தொழில் வரி 200. கையில் வருவது ஏறக்குறைய 63,000.

வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை, சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை வரி வராது. ஆனால் புதிய முறையில் வாடகைக்கு எந்தக் கழிவும் கிடையாது, ஆகவே "எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) காட்டி மிச்சம் பிடிக்கலாம்" என்ற பழைய யோசனை பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். சில கம்பெனிகள் 15,000 ரூபாய் அடிப்படையில் மாதம் 1,800 மட்டும் பிஎஃப் பிடிப்பார்கள், அப்போது கைக்கு வருவது கூடும். எது என்று எச்ஆரிடம் கேளுங்கள், மாதச் சம்பளப் பிரிப்பை அனுப்பச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது மதுரையில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு கையில் 42,000 வாங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் குடும்பத்தோடு இரண்டு பெட்ரூம் வீடு 25,000, மெயின்டனன்ஸ் 3,000, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோக 5,000 என்று வைத்தால் 63,000-இல் மிஞ்சுவது 30,000. சாப்பாடு, பள்ளிக்கூடம், பெட்ரோல் எல்லாம் இனிமேல்தான். பத்து லட்சம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, மதுரையில் இருந்ததைவிட மாதம் 12,000 குறைவாகக் கையில் வைத்திருப்பார். அதே ஆஃபர் தனியாளுக்கு வந்து, அவர் 12,000 ரூபாய் பிஜியில் (சாப்பாட்டோடு தங்கும் விடுதி) தங்கினால் கதையே வேறு. ஆகவே சம்பளம் நல்ல சம்பளமா என்று யாரிடமும் கேட்காதீர்கள், உங்கள் வீட்டுச் செலவைத் தெரியாதவர் அதற்குப் பதில் சொல்ல முடியாது. மேலே போட்ட எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஏரியா வாடகையை நீங்களே இரண்டு மூன்று வாடகை ஆப்களில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

போய் இறங்கவே எவ்வளவு ஆகும்

இதை யாரும் முன்கூட்டி சொல்வதில்லை. பெங்களூரில் வீட்டு அட்வான்ஸ் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை, இப்போது ஐந்து ஆறு மாதத்துக்கு நிறைய இடத்தில் இறங்கியிருக்கிறது. 25,000 வாடகைக்கு ஐந்து மாதம் என்றாலே 1,25,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, சாமான் ஏற்றிப்போகும் வண்டி, கேஸ் இணைப்பு, திரைச்சீலை, வாளி என்று கூட்டினால் இரண்டு லட்சம் கையில் இல்லாமல் குடும்பத்தோடு இறங்க முடியாது. சேரும் தேதியையும் கவனியுங்கள். மாதத்தின் பின்பாதியில் சேர்ந்தால் பல கம்பெனிகளில் அந்த நாட்களின் சம்பளம் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும், அதாவது ஒன்றரை மாதம் பைசா பார்க்காமல் ஓட்ட வேண்டியிருக்கும். தனிநபர் கடன் வாங்கித்தான் போக முடியும் என்றால், வட்டியையும் மாதக் கணக்கில் சேர்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தான், ஆனால் காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது அங்கே சர்வ சாதாரணம். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் போடுவார்கள். அதில் லாக்-இன் என்று ஒரு வரி இருந்தால், அந்தக் காலத்துக்கு முன்னால் காலி செய்தால் அபராதம். உங்கள் புரொபேஷன் ஆறு மாதம், வீட்டு லாக்-இன் பதினோரு மாதம் என்று இருந்தால் வேலை போன பிறகும் வாடகை உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் புரொபேஷன் முடியும்வரை பிஜிதான் புத்திசாலித்தனம்.

எந்த மூலையில் இருக்கப்போகிறீர்கள்

பெங்களூர் பிடிக்குமா பிடிக்காதா என்பது வெயிலைப் பொறுத்தது என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. நெரிசலுக்குப் பேர் போன சில்க் போர்டு சிக்னலில் ஒரு சாயங்காலம் நின்றால் தெளிந்துவிடும். ஆபீஸ் எந்த ஏரியா என்று கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று தூரத்தைப் பார்க்காதீர்கள், மேப்பில் செவ்வாய் அல்லது புதன் காலை எட்டரைக்குப் புறப்படுவதாகப் போட்டு நேரத்தைப் பாருங்கள், சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புவதையும். ஒயிட்ஃபீல்டு ஆபீஸ் என்றால் ஊதா மெட்ரோ இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி என்றால் 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து சில்க் போர்டு வழியாக அங்கே போய்ப் பொம்மசந்திராவில் முடிகிறது. இந்தத் தடங்களுக்கு நடக்கிற தூரத்தில் வீடு எடுப்பவர் வாடகையில் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் தினம் இரண்டு மணி நேரத்தைத் திரும்ப வாங்குகிறார்.

எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை என்றால் ஓசூரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், வாடகை குறைவு, அது கிருஷ்ணகிரி மாவட்டம், ஆகவே பிள்ளைகளின் படிப்பு தமிழ்நாட்டிலேயே ஓடும், வண்டி நம்பரை மாற்ற வேண்டியதில்லை. அத்திப்பள்ளி, சந்தாபுரா நெரிசல் மட்டும் தினப்படி தண்டனை. வாரம் இரண்டு மூன்று நாள் ஆபீஸ் என்றால் தாங்கும், ஐந்து நாள் என்றால் யோசிக்க வேண்டும்.

வீடு பார்க்கும்போது தண்ணீர் காவிரியா, போர்வெல்லா, டேங்கரா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2024 கோடையில் போர்வெல் வறண்டு டேங்கரை நம்பி நின்ற குடியிருப்புகள் எத்தனையோ. வீட்டுக்காரர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார், கீழ்வீட்டுக்காரரிடமோ வாட்ச்மேனிடமோ ஏப்ரல், மே எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

முடிந்தால் பதில் சொல்வதற்கு முன் மூன்று நான்கு நாள் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் பக்கத்துப் பிஜியில் தங்கிப் பாருங்கள். சுற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம். ஆபீஸ் நேரத்தில் வீடு எடுக்க நினைக்கும் பக்கமிருந்து ஆபீஸ் வாசல்வரை போய் வாருங்கள், அந்த டீமில் வேலை பார்ப்பவர் ஒருவரிடம் டீக்கடையில் பத்து நிமிஷம் பேசுங்கள். சம்பளம் தேதிக்கு வருகிறதா, ராத்திரி போன் மீட்டிங் எத்தனை மணிவரை ஓடும், கடைசியாக வெளியேறியவர் ஏன் போனார். இந்த மூன்றும் போதும்.

வீட்டில் கேட்பது எப்படி

அப்பா அம்மாவிடம் "போகட்டுமா" என்று கேட்டால் "நீ போப்பா, நாங்க பாத்துக்கிறோம்" என்றுதான் வரும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெட்டி கட்டுவதுதான் வழக்கம். கேள்வியை மாற்றுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார்? பேரை எழுதுங்கள். மாத மாத்திரை, வங்கி, கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர், இதற்கெல்லாம் யார்? எல்லா வரியிலும் உள்ளூரில் கட்டிக்கொடுத்த தங்கையின் பெயரே வருகிறது என்றால், உங்கள் பெங்களூர் வேலையில் பாதி உழைப்பு அவளுடையது. அவளிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் நேரில் உட்கார்ந்து பேசுங்கள், செலவுக்கு மாதம் ஒரு தொகை அனுப்புவதைப் பற்றியும் சேர்த்துப் பேசுங்கள். கூச்சமாக இருக்கும்தான், ஆனால் இரண்டு வருடம் கழித்து வெடிக்கும்போது இருக்கும் சங்கடத்துக்கு இது ஒன்றுமில்லை.

"அவங்களையும் கூட்டிட்டுப் போயிடலாம்" என்ற யோசனை எல்லோருக்கும் வரும். என் பார்வையில் இது பெரும்பாலும் நடக்காத யோசனை. தெருவில் இறங்கினால் நாலு பேரோடு பேசிப் பழகியவர் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் பாஷை தெரியாமல் இரண்டு வாரம் இருப்பார், அப்புறம் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று கிளம்பிவிடுவார். கூட வந்து இருக்கலாம் என்று பெரியவர்களே விரும்பினால் சரி, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸில் பெற்றோர் சேர்த்தியா என்று கேளுங்கள், சேர்த்தி என்றாலும் நீங்கள் வேலையை விடும் நாளோடு அது முடிந்துவிடும்.

மனைவிக்கோ கணவருக்கோ வேலை இருந்தால், இருவர் சம்பளத்தையும் சேர்த்து இரண்டு ஊருக்கும் கணக்குப் போடுங்கள். "அவளுக்கும் அங்க ஏதாவது கிடைச்சிடும்" என்பதைப் பூஜ்யம் என்று வைத்துத்தான் போட வேண்டும். அரசு வேலை, வங்கி வேலை, ஊரில் வாடிக்கையாளர் சேர்த்து வைத்திருக்கிற தையல், டியூஷன் மாதிரி சொந்தத் தொழில், இவற்றையெல்லாம் விட்டுவிட்டு வா என்று சொல்வதற்கு முன், உங்கள் ஆஃபரில் கூடுகிற தொகை அதை ஈடுகட்டுகிறதா என்று பாருங்கள். நிறைய வீட்டில் ஈடுகட்டுவதில்லை.

ஊருக்கு வந்துபோவது பணக் கணக்கு மட்டும் கிடையாது, டிக்கெட் கணக்கும்கூட. மதுரைக்குப் பெங்களூரிலிருந்து 2024 முதல் வந்தே பாரத் ஓடுகிறது, ஆனால் பகல் வண்டி, வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து ஏற முடியாது. ராத்திரிக்கு மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டிகள், இல்லையென்றால் பஸ். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும், தீபாவளி, பொங்கலுக்கு அன்று காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். தவறவிட்டால் ஆம்னி பஸ் கேட்கிற விலைதான்.

பிள்ளைகள் படிப்பு

குழந்தை இரண்டாம் வகுப்பு என்றால் பெரிய யோசனை வேண்டாம், மார்ச்சுக்குப் பிறகு மாற்றுங்கள், கன்னடம் பாடமாக வரும், குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள். ஒன்பதாவதுக்கு மேல் இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்தவருக்குப் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை, வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதை வாங்கி வைக்க வேண்டும். வாங்கக்கூடியதுதான், ஆனால் கடைசி நேரத்தில் ஓடக் கூடாது. கர்நாடகத்தின் சிஇடி (அந்த மாநிலத் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு) ஒதுக்கீட்டுக்கோ பொதுவான விதிப்படி அங்கே ஏழு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும், ஒன்பதாவதில் போய்ச் சேரும் பிள்ளை அதில் வராது. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் இன்னொன்று: மருத்துவம், இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால்தான். நடுவில் ஒரு வருடம் பெங்களூர் போய் வந்தாலும் அது போய்விடும். இந்த ஒன்றுக்காகவே ஒருவர் மட்டும் போய்க் குடும்பம் ஊரிலேயே இருப்பது நியாயமான முடிவு.

கேட்டு வாங்குங்கள்

ஆஃபரை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால்தான் உங்கள் பேச்சு எடுபடும். ஊர் மாறும் செலவுக்கு என்ன தருவீர்கள், முதல் இரண்டு வாரம் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் உண்டா, வேரியபிளைக் குறைத்து நிலையான சம்பளத்தில் சேர்க்க முடியுமா, பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்து ஏப்ரலில் சேரலாமா, முதல் மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா. சாமான் வண்டிச் செலவைத் திருப்பித் தருகிறார்கள் என்றால் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள், ஏரியா லாரிக்காரர் தருகிற துண்டுச் சீட்டு செல்லாது. ஐந்து கேட்டால் இரண்டு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் "பாலிசி இல்லை" என்று ஒரே பதில் வந்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

முடிவு

இப்போது ஒரு தாளில் இரண்டே எண்: இங்கே மாதம் மிஞ்சுவது, அங்கே மாதம் மிஞ்சப்போவது. கீழே, அந்த வேலை இரண்டு வருடத்தில் எனக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, நான் இல்லாதபோது ஊரில் பொறுப்பு எடுப்பவர்களின் பெயர்கள். இருபத்துநாலு வயது, பொறுப்பு அதிகம் இல்லை, வேலை நல்ல வேலை என்றால் மிஞ்சுவது கொஞ்சம் குறைந்தாலும் போங்கள் என்பேன், அந்த வயதில் நல்ல டீமில் கற்பது ஊரில் கிடைக்காமல் போகலாம். நாற்பதை நெருங்குபவர், பத்தாவது படிக்கும் பிள்ளை, பெற்றோருக்கு உடம்பு முடியவில்லை, மிஞ்சுவதும் கூடவில்லை என்றால் எதற்குப் போகிறீர்கள் என்று நான் கேட்பேன். நடுவில் இருப்பவர்கள் புரொபேஷன் முடியும்வரை தனியாகப் போய்ப் பார்ப்பது நல்லது, ஆனால் இரண்டு வீட்டுச் செலவையும் கணக்கில் வைத்துக்கொண்டு. எப்போது திரும்புவது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் தெரிய இப்போதே பேசிவிடுங்கள்: ஒரு வருடத்தில் மிஞ்சுவது இந்தத் தொகைக்குக் கீழே இருந்தால், அல்லது அம்மாவுக்குத் துணை தேவைப்பட்டால், ஊர்ப் பக்கம் வேலை தேட ஆரம்பிப்பேன் என்று.

போவது என்று முடிவானால், ஊரில் வாடகை வீடு என்றால் புரொபேஷன்வரை காலி செய்யாமல் வைக்க முடியுமா பாருங்கள். வண்டியை எடுத்துப்போனால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருக்கும்போது ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி மறுபதிவு செய்ய வேண்டும், கர்நாடகத்துச் சாலை வரி பழைய ஸ்கூட்டருக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருக்கிற கம்பெனி என்றால், மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பிஎச் பதிவுக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம். வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8.

வேண்டாம் என்று முடிவானால் எச்ஆரின் போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். குடும்பச் சூழ்நிலையால் இப்போது ஊர் மாற முடியவில்லை, வீட்டிலிருந்து பார்க்கும் வேலையோ தமிழ்நாட்டு ஆபீஸில் இடமோ வந்தால் சொல்லுங்கள் என்று இரண்டு வரி மெயில் போடுங்கள். ஆஃபரை ஏற்றுக் கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினாலும் சேரும் நாள்வரை இழுக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அந்த இடத்துக்கு அடுத்து நிற்பவர் ஒருவேளை தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியவராக இருப்பார்.